போலிக்குப் போலி

கறிவேப்பிலையைக் காதில் செருகிக்கொண்டால் ரத்த அழுத்தம் குறையும் என்று 2019இல் நான் எழுதினேன். கிண்டலுக்காக எழுதியது. வாட்ஸ்அப்பில் அன்றாடம் வந்து விழும் மருத்துவக் குறிப்புகளைப் போலவே ஒன்றைச் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. காதுக்குப் பின்னால் 72 நரம்புகள் ஓடுவதாக ஓர் எண்ணைப் போட்டேன். ஜெர்மனியில் ஆராய்ச்சி நடந்ததாகச் சொன்னேன். அந்தக் காலத்தில் நாற்று நட வந்த பெண்கள் கொண்டைப் பூவோடு கறிவேப்பிலையையும் செருகிக்கொண்டது இதனால்தான் என்று ஒரு பொய்ச் சரித்திரத்தையும் சேர்த்தேன். கடைசி வரி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. கீழே வடிவேலுவின் முகம். அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'வாட்ஸ்அப் பல்கலைக்கழகம், கறிவேப்பிலைத் துறை'. நண்பர்கள் பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் மறந்துபோனேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் காதோரம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. என்ன அத்தை இது என்றேன். "பிரஷருக்குடா. நீ படிச்ச புள்ளதானே, இது கூடத் தெரியாதா?" என்று செல்போனை நீட்டினார். என்னுடைய வாக்கியங்கள். என்னுடைய ஜெர்மனி. வடிவேலு இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ஒருவருக்காவது பயன்படும், பகிருங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று பதறிக்கொண்டு கேட்டேன். "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எழுதியது நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் இத வச்சிக்கிட்டுத் திரியறதப் பாத்து நீங்கள்லாம் சிரிச்சிருப்பீங்க" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பொய்ச் செய்தியையும் கோணல் தர்க்கத்தையும் கேலி செய்யும் மீம்களை நம் வட்டாரத்தில் எல்லோரும் ரசிக்கிறோம். அவற்றைப் பகுத்தறிவின் புதிய ஆயுதம் என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சிரிப்பு எதைச் சிரிக்கிறது, யாரைச் சிரிக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

மீம் என்ற சொல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் 'சுயநல மரபணு' என்ற நூலில் உண்டாக்கியது. ஆள் விட்டு ஆள் தாவிப் பெருகும் பண்பாட்டுத் துணுக்கு என்பது அவர் கொடுத்த பொருள். அந்தப் பொருளில் பார்த்தால் வதந்தியும் ஒரு மீம், வதந்தியைக் கிண்டலடிக்கும் படமும் ஒரு மீம். இரண்டுக்கும் ஒரே கால், ஒரே பாதை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

தமிழில் சுற்றும் பொய்ச் செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது திருநள்ளாறு செயற்கைக்கோள். சனீஸ்வரன் கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசா விஞ்ஞானிகள் வியந்துபோய் கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று கதை. பல வருஷமாகச் சுற்றுகிறது. நாசா அப்படி எதுவும் சொன்னதில்லை. பூமிக்கு அருகில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ ஆரம்பித்துவிடும். இதை விளக்கி எழுதியவர்கள் உண்டு, யாரும் படித்ததாகத் தெரியவில்லை. என் நண்பர் ஒருவர் ஒரே வரியில் முடித்தார்: "நிக்கறது எள்ளு தீபம் வாங்கறதுக்கு, செருப்பு விடற எடத்துல கூட்டம்னா நாலு செகண்டு ஆகும்."

இந்தக் கதையில் உள்ளபடி வேடிக்கையான விஷயம் சனீஸ்வரன் இல்லை, நாசாதான். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சியில் பல சமயவாதிகளும் தத்தம் கணக்கைச் சொல்கிறார்கள். அங்கே வேத வழிக்காரர் ஒருவர் அறிவு வரும் வழிகளை அடுக்கும்போது ஐதிகம் என்று ஒன்றைச் சொல்கிறார். இந்த மரத்தில் ஓர் அணங்கு இருப்பதாக ஊர் சொல்கிறது, அதைக் கேட்டு அப்படியே உண்டு என்று கொள்வது. அதற்கு ஐதிகம் என்று பெயர். அதாவது கேள்விப்பட்டதை அறிவாக வைத்துக்கொள்வது. இந்தச் சொல் செத்துப்போகவில்லை. இன்றும் நாளிதழ்களின் கோயில் பக்கத்தில் ஒவ்வொரு பத்தியும் 'என்பது ஐதீகம்' என்றுதான் முடிகிறது. இந்தக் குளத்தில் குளித்தால் பிள்ளை பிறக்கும் என்பது ஐதீகம். அவ்வளவுதான். நம்புகிறவர் நம்பலாம், மற்றவர் தாண்டிப் போகலாம். எனக்கு இந்த ஐதீகத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு, ஏனென்றால் அது தன் முகவரியை மறைப்பதில்லை. இது ஊர்ப் பேச்சு என்று அதுவே சொல்லிவிடுகிறது.

வாட்ஸ்அப் செய்தி அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் அறிவியலை வைத்தது. கோயிலுக்குப் போனால் நல்லது என்று சொல்லாமல் கோபுரக் கலசத்தில் மின்காந்த அலை என்கிறது. வளையல் அழகு என்று சொல்லாமல் ரத்த ஓட்டம் என்கிறது. ஆகவே நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்ற வரியில் பேசுவது பழமை என்று நாம் எடுத்துக்கொள்வது தப்பு. பழமைக்குத் தன்மேல் நம்பிக்கை இருந்திருந்தால் நாசாவைக் கூப்பிட்டிருக்காது. வெள்ளைக்காரன் ஒப்புக்கொண்டால்தான் தாத்தா புத்திசாலி என்று நினைப்பவரின் குரல் அது. மேட்டிமையாகத் தெரிவதற்குள் ஒரு கூச்சம் ஒளிந்திருக்கிறது. இதைப் பிடிக்கிற மீம் நல்ல மீம். பக்தியைக் கேலி செய்கிற மீமுக்கு அது எட்டுவதேயில்லை.

எப்படிப் பிடிக்கிறது? இதற்கும் மணிமேகலைதான் எனக்குக் கை கொடுக்கிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக் கொடுக்கிறார். நிறுவ வந்த கூற்று பக்கம், காரணம் ஏது, உதாரணம் திட்டாந்தம். ஒவ்வொன்றிலும் சரியானது போலத் தோன்றிச் சரியில்லாதவை உண்டு. அவை பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி. எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு இந்தக் காதையைத் தேர்வுக்கு வராது என்று தாண்டிவிட்டார்கள். தாண்டியிருக்கக் கூடாது. ஏதுப் போலியில் மூன்று இனம் சொல்கிறார் அடிகள்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். வாட்ஸ்அப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கின்றன.

காரணமாகச் சொல்லப்படுவதே நிலைபெறாமல் இருந்தால் அசித்தம். நாசா சொன்னது என்கிறார்கள். நாசா சொல்லவே இல்லை. யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று அறிவித்தது என்கிறார்கள், அறிவிக்கவில்லை. இது எளிது, தேடினால் அகப்பட்டுவிடும். அப்துல் கலாம் படத்துக்குக் கீழே அவர் ஒருநாளும் சொல்லாத வாசகங்களைப் போட்டுப் பரப்பியபோது, அதே படத்துக்குக் கீழே 'பரோட்டாவுக்கு ரெண்டு சால்னா கேட்பது உரிமை' என்கிற மாதிரி எழுதிப்போட்டுச் சிரித்தார்கள். அமெரிக்காவில் இதே வேலைக்கு ஆபிரகாம் லிங்கன் கிடைத்தார். இணையத்தில் வருவதையெல்லாம் நம்பாதீர்கள் என்று 1865இல் செத்துப்போன லிங்கன் எச்சரிப்பதாக ஒரு மீம் ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. பெயர் இருந்தால் போதும் என்கிற பழக்கத்தை இவை பெயரை வைத்தே உடைக்கின்றன.

காரணம் இந்தப் பக்கமும் ஓடி அந்தப் பக்கமும் ஓடினால் அநைகாந்திகம். இதுதான் முக்கியமானது, இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆயிரம் வருஷமாகச் செய்து வருகிறோம், ஆகவே அதில் அர்த்தம் இருக்கும் என்பது முன்னோர் வாதத்தின் முதுகெலும்பு. ஆயிரம் வருஷமாகச் செய்து வந்தவற்றில் மஞ்சள் அரைத்துப் பூசியதும் உண்டு, சேரிக்காரன் நிழல் பட்டால் குளித்ததும் உண்டு. காரணம் இரண்டுக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறது என்றால் அது எதையும் நிறுவவில்லை. நிறுவவில்லை என்பதோடு நிற்காமல், இரண்டாவதையும் முதலாவதோடு சேர்த்து உள்ளே கடத்திவிடுகிறது. தீட்டுக்கு 'சுகாதாரக் காரணம்' சொல்லும் செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாதவிலக்கில் பெண்ணை வெளியே உட்கார வைத்தது அவளுக்கு ஓய்வு தரத்தான் என்று வரும். கறிவேப்பிலை அப்பாவி. ஆனால் கறிவேப்பிலை போகிற வண்டியில்தான் இதுவும் ஏறி வருகிறது.

இந்த இடத்தில் மீம் செய்யக்கூடிய வேலையை விளக்கவுரை செய்ய முடியாது. வாதத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு சதையை மட்டும் மாற்றுவது அதன் வித்தை. 2005இல் கன்சாஸ் மாநிலக் கல்வி வாரியம் பள்ளியில் படைப்புவாதத்துக்குப் பின்கதவு திறந்தபோது பாபி ஹெண்டர்சன் என்ற இளைஞர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உலகைப் படைத்தது பறக்கும் நூடுல்ஸ் பூதம், அதையும் பாடத்தில் சேருங்கள் என்று. கூடவே ஒரு வரைபடம்: கடற்கொள்ளையர் எண்ணிக்கை குறையக் குறைய பூமியின் வெப்பம் ஏறுகிறது, ஆகவே கொள்ளையர் ஒழிந்ததுதான் வெப்பத்துக்குக் காரணம். இரண்டு சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்ற மயக்கத்தை விளக்கப் புள்ளியியல் பாடம் ஒரு பருவம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் படத்துக்கு ஐந்து விநாடி போதும். நம் ஊர்க் காக்கையும் பனம்பழமும் இதே பாடத்தைத்தான் எப்போதோ சொன்னது. ஆக, நல்ல மீம் என்பது தெரிந்தே செய்யப்பட்ட திட்டாந்தப் போலி. போலியைப் பிடிக்கச் செய்த போலி. தமிழில் இந்தச் சொல் எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள்: பொய்ச் செய்தியும் போலி, தர்க்கக் குற்றமும் போலி, போலச் செய்து காட்டும் பகடியும் அதே வேரிலிருந்து வருகிறது.

விருத்தம், நிறுவ வந்ததற்கு நேர்மாறானதை நிறுவும் காரணம். 'எந்தச் செய்தித்தாளிலும் வராது, மறைத்துவிட்டார்கள்' என்று தொடங்கும் எல்லாச் செய்திகளும் இந்த வகை. எங்குமே வரவில்லை என்பதை நடந்ததற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது வாதத்தைச் சிரிக்கும் சிரிப்பு. ஆனால் நாம் அன்றாடம் சிரிப்பது இதையா? என் கைபேசியில் சேர்ந்திருக்கும் மீம்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வாதமே இல்லை, ஆள்தான் இருக்கிறார். பெரும்பாலும் ஒரு மாமா. பனியன் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, ஒற்றை விரலால் செல்போனைக் குத்துகிறவர். பூமர் அங்கிள். காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்புகிறவர். பெண்ணாக இருந்தால் நெற்றியில் பெரிய பொட்டும் கையில் ஜெப்ரானிக்ஸோ ஏதோ ஒரு மலிவான ஒலிபெருக்கியும். இவர்கள் என்ன நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்பது படத்தில் கிடையாது. நம்புகிற முகம் எப்படி இருக்கும் என்பதுதான் உண்டு.

இதைவிட மோசம் தற்குறி என்ற சொல். கட்சி மீம்களில், ரசிகர் சண்டைகளில், எதிராளி ஏதாவது தவறாகச் சொன்னால் உடனே இந்தச் சொல் வருகிறது. தற்குறி என்றால் கையெழுத்துப் போடத் தெரியாதவர் பத்திரத்தில் வைக்கும் குறி. பிறகு அப்படிக் குறி வைக்கிறவருக்கே பெயரானது. கைநாட்டு என்று சொல்வோமே, அதுதான். என் தாத்தா தற்குறி. உங்களில் பலருடைய தாத்தாக்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். யார் எழுதப் படிக்க விட்டார்கள், யார் விடவில்லை என்ற சரித்திரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பொய்ச் செய்தியைத் தயாரித்து அனுப்புகிறவர் கைநாட்டு கிடையாது. டிசைன் செய்யத் தெரிந்தவர், நாசாவுக்கு எழுத்துப்பிழை இல்லாமல் ஆங்கிலம் போடத் தெரிந்தவர், அதற்குச் சம்பளம் வாங்குகிறவராகவும் இருக்கலாம். பொய்யின் பழியைப் படிக்காதவன் தலையில் போட்டுவிட்டுப் படித்தவன் தப்பித்துக்கொள்ள அந்த ஒரு சொல் வழி செய்கிறது. பகுத்தறிவு பேசுகிற தோழர்கள்கூட இதைக் கூசாமல் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

நகை பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சொல்லும் நான்கில் எள்ளலும் ஒன்று, மடனும் ஒன்று. எள்ளல் தெரிந்ததுதான். மடன் என்பதற்கு, ஒருவர் புகட்டியதை வாங்கிக்கொண்டு பின் அதை விடாமல் பிடித்திருப்பது என்ற விளக்கம் உரை மரபில் இருக்கிறது. வாட்ஸ்அப்பை மனதில் வைத்துச் சொன்னதோ என்று தோன்றும். ஆனால் மடன் ஒரு வயதுக்கோ வகுப்புக்கோ சொந்தமில்லை. நவம்பர் 2016இல் 2000 ரூபாய் நோட்டு வந்தபோது அதில் நானோ சிப் இருக்கிறது, நிலத்தில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற கதையைத் தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டுக்கொண்டு விளக்கியவர்கள் பட்டதாரிகள். அந்த நோட்டைப் புழக்கத்திலிருந்து விலக்குவதாக மே 2023இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. சிப்பைப் பற்றி அன்று பேசியவர்கள் யாரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வடிவேலுவை இந்த இடத்தில் கொண்டுவர வேண்டும். தமிழ் மீமின் முகமே அவர்தான், அது தற்செயல் இல்லை. கவுண்டமணியின் முகத்தைப் போட்டால் படம் போடுகிறவர் உதைக்கிற ஆளாக இருப்பார். வடிவேலுவைப் போட்டால் உதை வாங்குகிற ஆளாக. கறுத்த, கிராமத்து, வாய்ச்சவடால் அடித்து மாட்டிக்கொண்டு அடிவாங்கும் அந்த உடம்பில் மீம் போடுகிறவர் தன்னையே வைத்துக்கொள்கிறார். "நானும் நம்பிட்டேனே" என்கிற முகம் அது. சிரிக்கிறவனும் சிரிக்கப்படுகிறவனும் அங்கே ஒரே ஆள். பக்தின் திருவிழாச் சிரிப்பைப் பற்றிச் சொல்லும்போது, அதில் சிரிப்பவர் வெளியே நிற்பதில்லை, தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்கிறார். பூமர் அங்கிளில் இது இல்லை. அங்கே நான் மேடையில் நிற்கிறேன், மாமா கீழே.

2019 மே இறுதியில் நேசமணிக்கு நடந்ததை இப்படித்தான் வாசிக்கிறேன். ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இதுதான் நேசமணியின் தலையில் விழுந்தது என்றார். 2001இல் வந்த 'பிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு செய்த கான்ட்ராக்டர் பாத்திரம் நேசமணி. இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் அதே முகத்தோடு கேட்டார். அவ்வளவுதான் பொறி. இரண்டு நாளில் நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்பது ட்விட்டரில் உலக அளவில் மேலே வந்தது. மே 30 அன்று தில்லியில் புதிய மத்திய அரசு பதவி ஏற்றுக்கொண்டிருந்தது. தமிழ்நாடு நேசமணியின் உடல்நிலையைக் கவனித்துக்கொண்டிருந்தது. மருத்துவமனை அறிக்கை, பிரேக்கிங் நியூஸ் சிவப்புப் பட்டை, நேரில் கண்ட சாட்சி, தலைவர்கள் ஆறுதல் என்று செய்தியின் எல்லா உறுப்புகளும் இருந்தன. செய்தி மட்டும் இல்லை.

இதை வேலையற்றவர்களின் விளையாட்டு என்று கண்டித்தவர்கள் இருந்தார்கள். நான் அந்த அறிக்கைகளின் மொழியில் வேறொன்றைக் கேட்டேன். 2016இல் முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாட்கள் இதே மொழியைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். செப்டம்பர் 2017இல் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் பொதுக்கூட்டத்தில், அவர் இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்றார். அதிகாரபூர்வமான பொய் எந்த வடிவத்தில் வரும் என்பதை ஒரு மாநிலமே கற்றுக்கொண்டிருந்தது. நேசமணி அந்தப் பாடத்தின் தேர்வு. யாரையும் இழிவுபடுத்தாமல், எந்த மாமாவையும் கிள்ளாமல், செய்தி என்ற வடிவத்தையே ஒரு கற்பனைத் தலைக்காயத்தின் மேல் நிறுத்திக் காட்டினார்கள். இதை ஒரே சிரிப்பில் சேர்ந்து செய்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள்; எழுதியவர் என்று ஒருவர் கிடையாது.

இவ்வளவு பாராட்டிய பிறகு என் கறிவேப்பிலைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அதுவும் வாதத்தைத்தான் கேலி செய்தது, ஆளை அல்ல. அதில் வடிவேலுவும் இருந்தார். பின் ஏன் அத்தையின் காதில் போய் நின்றது?

2005இல் நேதன் போ என்பவர் சொன்ன ஒரு கருத்து அவர் பெயரால் விதி என்றே வழங்குகிறது: தீவிரமான ஒரு கொள்கையைப் பகடி செய்யும்போது, இது பகடி என்ற வெளிப்படையான குறி இல்லாவிட்டால் யாராவது ஒருவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளவே செய்வார். சிக்கல் அந்தக் குறியில் இருக்கிறது. எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொள்வதுதான் பகடியின் பலம் என்றேன். அதே காரணத்தால் குறியை வெட்டிவிட்டால் பகடிக்கும் அசலுக்கும் வித்தியாசம் இருக்காது. மேடையில் எம்.ஆர். ராதா பேசியபோது ராதாவின் குரல், கொட்டகை, டிக்கெட் எல்லாம் சேர்ந்து அது நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. வாட்ஸ்அப்புக்குக் கொட்டகை கிடையாது. யார் எழுதியது, எங்கே முதலில் வந்தது என்பதை அது சுமந்து செல்வதில்லை. படத்தின் அடிப்பகுதியை விரலால் வெட்டுவது ஒரு விநாடி வேலை.

வெட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேடிக்கையே இல்லாத ஓர் உதாரணம் இருக்கிறது. 2018இல் இந்தியாவின் பல மாநிலங்களில் ஒரு வீடியோ பரவியது. இருசக்கர வண்டியில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். கடைசியில் அதே வண்டி திரும்பி வரும். குழந்தையை இறக்கிவிட்டு ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள், குழந்தையைக் கடத்துவது இவ்வளவு சுலபம் என்று. அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டினார்கள். மீதி இருந்தது கடத்தல். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்திகள் அந்த வருஷம் தமிழ்நாட்டிலும் காட்டுத்தீயாக ஓடின. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில் குலதெய்வம் கும்பிடக் காரில் போன குடும்பத்தை ஊரார் மறித்து அடித்தார்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அந்த மூதாட்டி செய்த குற்றம். 65 வயது. அங்கேயே செத்துப்போனார்.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. முன்னனுப்பப்பட்டது என்ற குறியையும் சேர்த்தது. செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பதை மட்டும் அந்தக் குறி சொல்லாது.

அடித்தவர்களைத் தற்குறிகள் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். பலர் சொன்னார்கள். அவர்கள் குழந்தைகளைப் பற்றிய பயத்தில் இருந்தார்கள், அந்தப் பயத்துக்கு ஓர் அந்நிய முகம் தேவைப்பட்டது, அந்த முகத்தைக் கைபேசி கொண்டுவந்து தந்தது. மார்ச் 2023இல் இதே கதை தலைகீழாக நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறு சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். பயந்துபோய் ஊருக்கு ரயிலேறியவர்கள் உண்டு. அதற்கு முந்தைய வருடங்களில் நம் மீம் பக்கங்களில் 'வடக்கன்' என்று பான்பராக் வாயோடு வரைந்து சிரித்துக்கொண்டிருந்தோமே, அந்தச் சிரிப்பும் அந்த வதந்தி நம்பத்தகுந்ததாகத் தோன்றுவதற்குத் தன் பங்கைச் செய்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆளைச் சிரிக்கும் மீம் இப்படி எங்கோ போய் இன்னொரு பொய்க்கு உரமாகும்.

கடைசியாக நம் பக்கம். எதிராளியின் போலியைப் பிடிக்க ஆயிரம் மீம் இருக்கிறது, நம்முடையதைப் பிடிக்க எத்தனை? நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்ற கருத்தை வால்டேர் பெயரில் போடாத சிறுபத்திரிகை உண்டா? அது எவலின் பீட்ரிஸ் ஹால் என்ற பெண் 1906இல் வால்டேரைப் பற்றிய தன் நூலில், அவருடைய மனப்போக்கை விளக்க எழுதிய வாக்கியம். நானே இரண்டு கட்டுரைகளில் வால்டேர் தலையில் கட்டியிருக்கிறேன். பெரியார் படத்தோடும் அம்பேத்கர் படத்தோடும் நூல் பெயர், பக்க எண் எதுவும் இல்லாமல் வரும் வாசகங்களை நாம் பகிர்வதற்கும் கலாம் படத்தோடு மாமா பகிர்வதற்கும் அறவண அடிகள் கணக்கில் வித்தியாசம் இல்லை. கீழடியில் கிடைத்ததே போதுமான அளவுக்குப் பெரியது. அதற்கு மேல் இருபதாயிரம் வருஷத்தைக் கூட்டி 'உலகமே மிரண்டது' என்று வந்தால் நம்மில் எத்தனை பேர் சிரிக்கிறோம்? மிரண்டது நாசா என்றால் சிரிப்பு, மிரண்டது உலகம் என்றால் பெருமை.

அத்தையிடம் சொல்ல வேண்டிய பதிலைப் பிறகு சொன்னேன். உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தச் செய்தி எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் காட்டத்தான் செய்தேன் என்றேன். 72 நரம்பை எங்கிருந்து எடுத்தேன், ஜெர்மனியை ஏன் போட்டேன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னேன். நாற்று நட்ட பெண்கள் பகுதி வந்தபோது, "அதான் எனக்கே சந்தேகமா இருந்துச்சு, நான் நட்டிருக்கேன்ல, எவ கறிவேப்பில செருகுனா?" என்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது ஏதாவது வந்தால் எனக்கு அனுப்பிவிட்டு ஒரே கேள்விதான் கேட்கிறார்: "இது ஒன்னுதா?" போன வாரம் வந்தது செம்புக் காப்பும் சர்க்கரை நோயும். என்னுடையது இல்லை என்று எழுதினேன். யாருடையது என்று கேட்டிருக்கிறார்.